விரலை எடுக்கும் முன்னால், அந்த இடத்துக்கு ரத்தம் வருதான்னு அளந்து பார்த்தாச்சா?



இந்த மாத உடல்நலப் பாடம் கொஞ்சம் நீளம். ஒரே கூட்டத்தில் முடிக்க வேண்டாம். இரண்டு கூட்டமாகப் பிரித்துப் படியுங்கள். ஊக்குநரோ பிரதிநிதியோ உரக்கப் படிக்கட்டும். மற்றவர்கள் காலை நீட்டி உட்காருங்கள். கூட்டத்தில் காலை நீட்டுவது மரியாதை இல்லை என்று யாரும் சங்கடப்பட வேண்டாம், பாடமே காலைப் பற்றியதுதான்.

கருவேப்பிலங்குறிச்சி, விருத்தாசலம் பக்கம் சர்க்கரை வியாதிக்காரர் வீட்டில் வழக்கமாக நடப்பது உங்களுக்கே தெரியும். முந்திரித் தோப்பில் ஒரு முள் குத்தியிருக்கும், அல்லது புதுச் செருப்பு கடித்திருக்கும். வலி தெரியாது. மஞ்சள் பத்து, பிறகு மெடிக்கலில் கேட்டு வாங்கிய களிம்பு, பிறகு ஊசி என்று ஒரு மாதம் ஓடும். விரல் கறுக்கும். "விரலை எடுத்துடணும்" என்பார்கள். எடுத்த இடம் ஆறாது. அடுத்து பாதி பாதம். அதுவும் ஆறாது. அடுத்து முட்டிக்குக் கீழே. ஒவ்வொரு முறையும் ஒரு நகை அடகுக்குப் போகும், குழுவில் ஒரு உள்கடன் விழும். கடைசியில் காலும் இல்லை, கடனும் தீரவில்லை.

இதில் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. முதல் விரலை எடுத்தபோதே, அந்த இடம் ஆறுவதற்கு வேண்டிய ரத்தம் அங்கே வருகிறதா என்று யாராவது அளந்து பார்த்தார்களா? அளக்க வழி உண்டு. ஊசி கூட குத்தாமல், தோலின் மேலேயே ஒரு சின்ன வில்லையை ஒட்டி, தோலுக்கு எவ்வளவு பிராணவாயு வந்து சேருகிறது என்று பார்க்கலாம். அந்த அளவையைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பாடம்.

பாதம் என்பது கடைமடை

வெலிங்டன் ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஏரியில் தண்ணீர் நிறைய இருக்கும். மதகும் திறந்திருக்கும். ஆனாலும் கடைமடைக்காரன் நிலம் வெடித்துக் கிடக்கும். ஏன்? நடுவில் வாய்க்கால் தூர்ந்து போயிருக்கும். உடம்பில் இதயம்தான் ஏரி. ரத்தக் குழாய்கள் வாய்க்கால். பாதமும் விரல்களும் கடைமடை. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, பீடி சிகரெட் புகை, இவையெல்லாம் பல வருடமாகக் குழாயின் உள்சுவரில் படிந்து தூர்த்துவிடும். கையில் ரத்தம் நன்றாக ஓடும். கடைமடையில்தான் முதலில் காயும்.

காயம் ஆறுவது என்றால் உடம்பு புதுச் சதையைக் கட்டுவது. அதற்குக் கொத்தனாரும் வேணும், செங்கல்லும் வேணும். எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்குவது ரத்தம்தான். அதிலும் முக்கியம் பிராணவாயு. கிருமியைக் கொல்லும் வெள்ளை அணுக்களுக்கும் அது வேண்டும். வாய்வழியாகவோ ஊசியாகவோ போடும் கிருமி மருந்தும் ரத்தத்தில் ஏறித்தான் காலுக்குப் போக வேண்டும். வண்டி வராத ஊருக்கு மருந்து எப்படிப் போய்ச் சேரும்?

இரண்டு விதப் புண்

இங்கே வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் நடந்த ஒரு பழைய வேலையைச் சொல்ல வேண்டும். டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-ல் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளிகளுக்கு விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று அதுவரை எல்லோரும் நம்பினார்கள். அவர் கூடவே இருந்து கவனித்தார். விரலைத் தின்றது நோய் இல்லை. உணர்ச்சி போனதால், சூடு பட்டதும் கல் குத்தியதும் தெரியாமல், அதே புண் மேலேயே திரும்பத் திரும்ப நடந்ததுதான் காரணம். அந்தக் காலுக்கு மாவுக்கட்டு போட்டு, மேலே பாரம் விழாமல் ஓய்வு கொடுத்தால், பல புண்கள் ஆறின. இன்று சர்க்கரைக்காரருக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பும் அந்தத் தொழுநோய் வேலையிலிருந்து வந்ததுதான்.

ஏன் ஆறியது? உணர்ச்சி இல்லாவிட்டாலும் அந்தக் கால்களில் பெரும்பாலும் ரத்த ஓட்டம் இருந்தது.

சர்க்கரை வியாதியில் வரும் வம்பு என்னவென்றால், உணர்ச்சியும் போகலாம், ரத்தமும் குறையலாம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் புண்தான். உணர்ச்சி மட்டும் போன காலுக்கு வைத்தியம் ஓய்வு, சுத்தம், சரியான செருப்பு. ரத்தம் போன காலுக்கு இவை மட்டும் போதாது, அடைப்பைத் திறக்க வேண்டும். எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பீங்கான் தொழிற்பேட்டையில் சூளைக்குள் எத்தனை டிகிரி என்று கையை விட்டா பார்க்கிறார்கள்? அளந்துதானே பார்க்கிறார்கள். அதே மாதிரிதான் இதுவும்.

முதல் அளவை: உங்கள் விரல்

இப்போது எல்லோரும் பக்கத்தில் இருப்பவர் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலிருந்து நேராக மேலே வந்தால், பாதத்தின் மேல்பக்கம் மேடான இடத்தில் ஒரு நாடி துடிக்கும். அழுத்தாதீர்கள், பூ மாதிரி வையுங்கள். இன்னொன்று கணுக்காலின் உள்பக்க எலும்புக்குப் பின்னால். சிலருக்குப் பிறவியிலேயே மேல்பாத நாடி கையில் அகப்படாது. அதனால் ஒன்று கிடைக்காவிட்டால் பயந்துவிடாமல் இரண்டாவதையும் பாருங்கள். இரண்டும் கிடைக்கவில்லை, பாதமும் சில்லென்று இருக்கிறது, தோல் பளபளவென்று மெலிந்து முடி உதிர்ந்திருக்கிறது என்றால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

பேச்சிலும் அடையாளம் உண்டு. "கொஞ்ச தூரம் நடந்தா கெண்டைச் சதை பிடிச்சு இழுக்குது, நின்னா விட்டுடுது" என்று சொல்பவர்களைக் கவனியுங்கள். அது வாதம் இல்லாமல் இருக்கலாம். "ராத்திரி படுத்தா பாதம் எரியுது, கட்டிலுக்குக் கீழே தொங்கப் போட்டா தேவலை" என்றால் இன்னும் முற்றிய நிலை. காலைத் தொங்கப் போட்டால் பள்ளத்துக்கு ரத்தம் இறங்குகிறது, அதனால்தான் தேவலை. ஆனால் உணர்ச்சி போன சர்க்கரைக்காரருக்கு இந்த வலியே இருக்காது. வலி இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது அளவை: கைக்கும் காலுக்கும் ஒரு வகுத்தல் கணக்கு

கையில் பிரஷர் பார்ப்பது போலவே கணுக்காலிலும் பட்டையைச் சுற்றி, டாப்ளர் என்ற சின்ன ஒலிக்கருவியை வைத்துப் பார்ப்பார்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுக்க வேண்டும். கையில் 140, கணுக்காலில் 84 என்றால், 84-ஐ 140-ஆல் வகுத்தால் 0.6. 0.9-க்குக் கீழே போனால் வழியில் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். வட்டிக் கணக்கே போடும் நமக்கு இந்தக் கணக்கு ஒன்றும் பெரிதல்ல.

ஆனால் இதில் ஒரு பள்ளம் உண்டு. பல வருடம் சர்க்கரை இருந்தவர்களுக்குக் காலின் ரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்துவிடும். விறைத்த குழாயைப் பட்டையால் அமுக்க முடியாது. அப்போது கணுக்காலில் 210 என்று காட்டும். 210-ஐ 140-ஆல் வகுத்தால் 1.5. "கையை விடக் காலில் நல்லா இருக்கே" என்று சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. 1.3, 1.4-க்கு மேல் போனால் அந்தக் கணக்கை நம்ப முடியாது என்றுதான் பொருள். அதைவிட ஆபத்து, அடைப்பும் விறைப்பும் சேர்ந்து வந்து 1.0 என்று ஒழுங்கானது போலக் காட்டுவது. நம் ஊரில் புண்ணோடு வருகிறவர்களில் நிறைய பேர் சர்க்கரைக்காரர்கள்தானே. 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நம் நாட்டில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி பேர் என்று மதிப்பிட்டது.

வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்ப்பது இந்த இரண்டாவது அளவை. வயலில் மண் நனைந்ததா என்று பார்ப்பது அடுத்து வருவது.

மூன்றாவது அளவை: தோல்வழிப் பிராணவாயு

இதை டாக்டர்கள் டி.சி.பி.ஓ.டூ என்பார்கள். பெயர் வாயில் நுழையாவிட்டால் "தோல் மேலே ஒட்டி ஆக்சிஜன் பார்க்கிற டெஸ்ட்" என்று கேட்டால் போதும்.

அடிப்படைக் கருவியை 1950-களில் அமெரிக்காவில் லீலண்ட் கிளார்க் என்பவர் கண்டுபிடித்தார். பிராணவாயு பட்டால் அதற்கேற்ப மெல்லிய மின்சாரம் ஓடும் முனை அது. 1970-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ரெனாட்டே ஹுக், ஆல்பர்ட் ஹுக் என்ற டாக்டர் தம்பதி, அந்த முனையைச் சூடாக்கித் தோல் மேலேயே ஒட்டி அளக்கலாம் என்று காட்டினார்கள். யாருக்காக என்று நினைக்கிறீர்கள்? பிறந்த குழந்தைகளுக்காக. பச்சைக் குழந்தையை மறுபடி மறுபடி குத்தி ரத்தம் எடுக்காமல் இருப்பதற்காக. குழந்தைக்கு வந்த கருவிதான் பிறகு பெரியவர்கள் காலுக்கும் பயன்பட்டது.

"குத்துவாங்களா?" என்றுதான் முதலில் கேட்பீர்கள். குத்த மாட்டார்கள். நோயாளியை மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். அறை குளிராக இருக்கக் கூடாது, ஏ.சி. வேகமாக ஓடினால் குறைக்கச் சொல்லுங்கள். தோலைத் துடைத்து, ஒரு வளையத்தை ஒட்டி, அதற்குள் இரண்டு சொட்டு திரவம் விட்டு, ஒரு ரூபாய் நாணயம் மாதிரி வில்லையைப் பொருத்துவார்கள். அது சுமார் 44, 45 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். சூடு பட்டால் அந்த இடத்து நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரியும், தோல் வழியாகப் பிராணவாயு வெளியே கசியும். அதை வில்லை பிடித்து எண்ணாகக் காட்டும். பிரஷர் மாதிரியே பாதரச மில்லிமீட்டர் கணக்குதான். எண் நிலைக்க 15, 20 நிமிடம் ஆகும். அதுவரை பேசாமல், அசையாமல் படுத்திருக்க வேண்டும். முன்னால் பீடி குடித்துவிட்டுப் போகக் கூடாது.

ஒரு வில்லை பாதத்தின் மேல்புறம், ஒன்று முட்டிக்குக் கீழே, ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று நெஞ்சில் என்று வைப்பது வழக்கம். உள்ளங்காலில் வைக்க மாட்டார்கள், அங்கே தோல் தடிமன். எலும்பு, நரம்பு புடைத்த இடத்திலும் வைப்பதில்லை. சில நேரம் காலைக் கொஞ்சம் தூக்கி வைத்துப் பார்ப்பார்கள். தூக்கியதும் எண் சட்டென்று இறங்கினால் ரத்த ஓட்டத்துக்குத் தெம்பு இல்லை என்று பொருள். வில்லையை எடுத்த பிறகு வட்டமாகச் சிவந்திருக்கும், பொதுவாக அது மறைந்துவிடும்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். கொரோனா சமயத்தில், 2020, 2021-ல், விரலில் கிளிப் மாதிரி மாட்டி 98, 95 என்று பார்த்தோமே, அதுவும் ஆக்சிஜன்தானே? அது வேறு. வருகிற தண்ணீர் லாரி நிறைய இருக்கிறதா, பாதியா என்று கிளிப் சொல்லும். தெருவுக்கு எத்தனை லாரி வந்தது என்று சொல்லாது. ஒரே ஒரு லாரி வந்தாலும் அது நிறைந்திருந்தால் 98 என்றுதான் காட்டும். தெரு தாகத்தில் கிடக்கும். அதனால் கை விரல் கிளிப்பில் 98 வந்தது என்று காலைப் பற்றி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

எண் என்ன சொல்கிறது?

அமெரிக்க ரத்தக் குழாய் அறுவை மருத்துவர் சங்கம் 2014-ல் ஒரு வகைப்பாடு வெளியிட்டது. பல நாடுகளில் டாக்டர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். பாதத்தில் 60-ம் அதற்கு மேலும் இருந்தால் ரத்தக் குறைவு இல்லை. 40 முதல் 59 வரை லேசான குறைவு. 30 முதல் 39 வரை நடுத்தரம். 30-க்குக் கீழே கடுமையான குறைவு. இந்த நான்கில் கடைசியை மட்டுமாவது நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 30-க்குக் கீழே இருக்கும் பாதத்தில் புண் தானாக ஆறும் வாய்ப்பு குறைவு, அடைப்பைத் திறக்க முடியுமா என்று ரத்தக் குழாய் டாக்டர் பார்த்தாக வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒருவருக்குக் கால் விரல் கறுத்துவிட்டது. பாதத்தின் மேல் அளவு 22. முட்டிக்குக் கீழே 48. இப்படியே விரலை மட்டும் எடுத்தால் என்ன ஆகும்? வெட்டிய இடமும் ஒரு புதுப் புண்தான். 22-ல் அது ஆறுவது கஷ்டம். பாடத்தின் ஆரம்பத்தில் சொன்ன கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. மாறாக, முதலில் ஆஞ்சியோ எடுத்துப் பார்த்து, பலூன் வைத்தோ பைபாஸ் செய்தோ வழியைத் திறந்தால், பாதத்தின் எண் 45-க்கு ஏறலாம். அப்போது கெட்டுப்போன விரலோடு நிறுத்திக்கொள்ள வாய்ப்பு வரும். பாதமும் நடையும் மிஞ்சும்.

திறக்கவே முடியாத அடைப்பும் உண்டு. அப்போதும் இந்த அளவை உதவும். முட்டிக்குக் கீழே 48 இருக்கிறது என்றால் அங்கே எடுத்தால் ஆறும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது, தொடையில் எடுக்கத் தேவை இல்லாமல் போகலாம். முட்டி மிஞ்சினால் செயற்கைக் கால் போட்டு நடப்பது எவ்வளவோ சுலபம். முட்டி போனால் நடைக்கே இரண்டு மடங்கு மூச்சு வாங்கும், வயதானவர்களில் பலர் கட்டிலோடு நின்றுவிடுவார்கள். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கப் போவது யார் என்று நமக்குத் தெரியும்.

எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் சண்டை போடவும் வேண்டாம். கால் வீங்கியிருந்தாலும், அந்த இடத்தில் சீழ் பிடித்திருந்தாலும், அறை குளிராக இருந்தாலும் எண் குறைத்துக் காட்டும். "எந்த இடத்தில வெச்சுப் பார்த்தீங்க, வீக்கம் இருந்துச்சா?" என்று கேட்பது நியாயமான கேள்வி. அதே போல, பலூன் செய்த மறுநாளே எண் குதித்து ஏறாது. சில வாரம் வரை மெல்ல மெல்லத்தான் ஏறும். மறுநாள் பார்த்துவிட்டு "பணம் வீணாப் போச்சு" என்று மனம் உடையாதீர்கள்.

அளந்து கொண்டிருக்க நேரம் இல்லாத நிலை

இதைப் படிப்பவர் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். புண்ணில் நாற்றம், காய்ச்சலும் குளிரும், சிவப்பு மேலே மேலே ஏறுவது, அழுத்தினால் நறநறவென்று சத்தம், ஈரமாகக் கறுப்பது, இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. அங்கே உடனே சீழைத் திறக்கவோ விரலை எடுக்கவோ சொன்னால் "டெஸ்ட் எடுத்தாதான் சம்மதிப்போம்" என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது. விஷம் உடம்பில் ஏறினால் உயிர் போகும். ரத்த ஓட்டத்தைப் பிறகு அளந்து திறக்கலாம். திடீரென்று ஒரே நாளில் கால் வெளுத்து, சில்லிட்டு, கடும் வலி வந்தாலும் அது ரத்தக் கட்டி போய் அடைத்ததாக இருக்கலாம். மணிக்கணக்குதான் அவகாசம், நாள் கணக்கு இல்லை.

அவசரம் இல்லாதபோது, காய்ந்து கறுத்த விரலோடு வாரக்கணக்கில் டிரஸ்ஸிங் மட்டும் நடந்து கொண்டிருக்கும்போதுதான், அளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

நம் கை வைத்தியத்தில் இரண்டு எச்சரிக்கை

கால் சில்லென்று இருக்கிறது என்றால் நமக்கு முதலில் தோன்றுவது ஒத்தடம். தவிட்டு ஒத்தடம், செங்கல் சூடு, வெந்நீர். ரத்தம் குறைந்த காலுக்கும் உணர்ச்சி இல்லாத காலுக்கும் இது நெருப்பு வைப்பது மாதிரி. கருவியே 44 டிகிரி சூடு வைக்கிறதே என்று கேட்கலாம். அது நாணயம் அளவு இடத்தில், அளந்த சூட்டில், நேரம் பார்த்து எடுத்துவிடுவது. நம் செங்கல்லுக்கு யார் டிகிரி பார்த்தது? கம்பளியோ பருத்திக் காலுறையோ போட்டால் போதும். தீமிதி, வெறுங்கால் பாதயாத்திரை வேண்டுதல் உள்ள சர்க்கரைக்காரர்கள் வேண்டுதலை வேறு விதமாக நிறைவேற்ற சாமியிடம் கேட்டுக்கொள்ளட்டும், சாமி கோபிக்காது.

இரண்டாவது, நரம்பு சுருட்டிக்கொள்வது. நின்று நின்று வேலை பார்க்கும் நம்மில் நிறைய பேருக்குக் கெண்டைக்காலில் நீல நரம்பு புடைத்திருக்கும். அது ரத்தம் திரும்பிப் போகும் வழியில் உள்ள கோளாறு, அதாவது வடிகால் கோளாறு. இந்தப் பாடத்தில் சொல்வது பாசன வாய்க்கால் கோளாறு. இரண்டும் வேறு. வடிகால் கோளாறுக்கு இறுக்கமான காலுறை போடச் சொல்வார்கள். பாசனம் அடைபட்ட காலுக்கு அதைப் போட்டால் இருக்கிற ரத்தமும் நின்றுவிடும். பக்கத்து வீட்டு அக்கா போட்டுக்கொண்டார் என்று நாமும் கடையில் வாங்கி மாட்டக் கூடாது. நாடியும் ரத்த ஓட்டமும் பார்த்த பிறகுதான்.

பீடி

சர்க்கரையே இல்லாமல், முப்பது நாற்பது வயதிலேயே ஆண்களுக்குக் கால் விரல் கறுக்கும் ஒரு வியாதி உண்டு. பர்ஜர் வியாதி என்பார்கள். லியோ பர்ஜர் என்ற நியூயார்க் டாக்டர் 1908-ல் விவரித்தது. பீடி, சிகரெட் குடிப்பவர்களைத்தான் அது பிடிக்கிறது, நம் நாட்டில் பீடி குடிப்பவர்களிடம் இது அதிகம். இதில் அடைப்பு சின்னச் சின்னக் குழாய்களில் வருவதால் பல பேருக்குப் பலூனோ பைபாஸோ செய்ய இடமே இருக்காது. புகையிலையை முழுசாக விடுவதுதான் வைத்தியத்தில் முதலாவது. "ரெண்டா குறைச்சுட்டேன்" என்பது இங்கே செல்லாது. வெற்றிலையோடு போடும் புகையிலையும் புகையிலைதான். இதை நம் உறுப்பினர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

எங்கே போவது, எதில் செலவழிப்பது

தோலில் ஒட்டிப் பார்க்கும் கருவி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்காது. தாலுகா ஆஸ்பத்திரியிலும் எதிர்பார்க்காதீர்கள். ரத்தக் குழாய் அறுவைப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளிலும், பாதச் சிகிச்சைக்கென்றே தனிப்பிரிவு வைத்திருக்கும் சர்க்கரை ஆஸ்பத்திரிகளிலும் கேட்க வேண்டும். சென்னை ராயபுரத்தில் பேராசிரியர் எம்.விசுவநாதன் 1954-ல் தொடங்கிய சர்க்கரை நோய் ஆஸ்பத்திரி அப்படிப் பாதத்துக்குத் தனிப்பிரிவு நடத்துவது. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ரத்தக் குழாய் அறுவைப் பிரிவு உண்டு. நமக்குப் பக்கம் என்றால் புதுச்சேரி ஜிப்மர், சிதம்பரம் அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி. எங்கே போனாலும் எந்தக் கிழமை எந்தப் பிரிவு, எந்த டெஸ்ட் அங்கேயே எடுப்பார்கள் என்று முன்னாலேயே விசாரித்துக்கொண்டு போங்கள். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம். கருவி இல்லாத இடத்தில் கால் பெருவிரலில் சின்னப் பட்டை சுற்றிப் பிரஷர் பார்ப்பதும் நல்ல மாற்றுதான். விரல் குழாயில் சுண்ணாம்பு அவ்வளவாகப் படியாது.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் பிரஷரும் பார்க்கும் தன்னார்வலர்களாக மகளிர் குழுப் பெண்களையே சேர்த்தார்கள். அந்த வேலை செய்தவர் உங்கள் குழுவில் இருந்தால் இந்தப் பாடத்தை அவரையே நடத்தச் சொல்லுங்கள், காலைத் தொட்டு நாடி பார்ப்பதை அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் வீட்டில் பூட்டி வைக்காமல் கையோடு கொண்டுபோங்கள். கால் ரத்தக் குழாய்ச் சிகிச்சையில் எது எது அதில் அடங்கும் என்று ஆஸ்பத்திரிக் காப்பீட்டு மேஜையில் கேட்டுவிட்டுச் சம்மதக் கையெழுத்து போடுங்கள்.

உள்கடன் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய ஆபரேஷனுக்கு என்றால் கேட்டவுடன் கொடுக்கிறோம். "காலை டெஸ்ட் பண்ணப் போகணும், பஸ் செலவுக்கும் டெஸ்டுக்கும் வேணும்" என்று ஒரு உறுப்பினர் கேட்டால், அவசரம் இல்லை என்று அடுத்த மாதத்துக்குத் தள்ளுகிறோம். அந்தச் சின்னக் கடனைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். அதுவும் உறுப்பினர் தன் காலுக்காகக் கேட்டால் இன்னும் முன்னால். வீட்டுக்காரர் கால், மாமியார் கால் என்று வருகிற விண்ணப்பத்தைப் பார்க்கிறோம், "என் கால்" என்று எழுதி வருவது அபூர்வமாக இருக்கிறது. களை எடுக்கும் கால், சேற்றில் நிற்கும் கால், கல்யாணத்துக்குக் கூடச் செருப்பு மாற்றாத கால், அதில் ஒரு வெடிப்போ புண்ணோ இருந்தால் "தானா போயிடும்" என்று சொல்லிக்கொள்கிறோம்.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவரும் வீட்டில் சர்க்கரை உள்ளவர்கள், பீடி குடிப்பவர்கள், தன் கால், மூன்றையும் பார்த்து வாருங்கள். விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு, இரண்டு நாடி. இரண்டு வாரமாக ஆறாத புண் யாருக்காவது இருந்தால் பெயரைத் தீர்மான நோட்டில் எழுதி, யார் கூடத் துணைக்குப் போவது, எந்தத் தேதி என்பதையும் அதே வரியில் எழுதுங்கள். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைச் சின்னச் சீட்டில் எழுதி அவர் கையில் கொடுத்து அனுப்புங்கள்: காலுக்கு ரத்தம் எவ்வளவு வருதுங்க? எப்படி அளந்தீங்க? அடைப்பைத் திறக்க முடியுமான்னு யார் பார்ப்பாங்க? வெட்டினா அந்த இடம் ஆறும்னு எதை வெச்சுச் சொல்றீங்க?